போமியின் ஊரில் சாப்பிடு என்பதை எப்படிச் சொல்வது

மொகோ. சாப்பிடு. மொகோயோ, சாப்பிடுங்க. துசேயோ, அது வீட்டுப் பெரியவர்களுக்கு, கும்பிடாத குறையாகச் சாப்பிடுங்களேன் என்று கேட்பது. மூன்றையும் சொல்லிவிட்டேன். வரிசையாகச் சொன்னேன், மாற்றி மாற்றியும் சொன்னேன். எனக்குத் தெரிந்த கொரிய மொழியில் சாப்பிடு என்பதை இதற்குமேல் சொல்ல வழியில்லை. போமி வாயைத் திறக்கவில்லை. நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறாள். கை இரண்டும் மடியில். நாலு வயசு நடக்கிற பிள்ளை என்றால் அழ வேண்டும், தட்டைத் தள்ள வேண்டும், மேசைக்கு அடியில் போய் ஒளிய வேண்டும், என் மகள் கிருத்தியாக இருந்தால் இந்நேரம் கிண்ணம் பறந்திருக்கும். இவள் ஒன்றுமே செய்யவில்லை. என்னைப் பார்க்கிறாள், சோற்றைப் பார்க்கிறாள், மறுபடி என்னைப் பார்க்கிறாள். நேற்றுக் காலை அவள் அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து இப்படித்தான். படுக்கையில் வைத்துக் கொடுத்த பால் கொஞ்சம் இறங்கியதோடு சரி, சோறு ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. ராத்திரி நேரங்கழித்து வந்து இவளோடு படுத்த சோ சார், இவள் அப்பா, காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது நின்றபடியே காபியைக் குடித்து, நின்றபடியே இவளுக்கு ஒரு வாய் ஊட்டப் பார்த்தார். உதட்டை மூடிக்கொண்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், போனில் என்னவோ சொன்னார், போன் அதைத் தமிழாக்கி என்னிடம் சொன்னது. "குழந்தை நான்கு மணி வரை உணவு உட்கொள்ளாவிட்டால் ஓட்டுநர் வருவார். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றப்படும். தாயிடம் தெரிவிக்க வேண்டாம். தாய்க்கு இரத்த அழுத்தம் உள்ளது." வண்டி தாமதமாக வரும் என்று ரயில்வே ஸ்டேஷனில் சொல்கிற அம்மாவின் குரல். யாருக்கோ எதற்கோ சொல்கிற மாதிரி இருந்தது, அப்புறம்தான் உறைத்தது. இந்தக் குச்சிக் கையிலா ஊசி? நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்துவார்களே. கிருத்திக்குக் காய்ச்சல் வந்தபோது பார்த்தேனே, அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன். அங்கே கொண்டுபோனால் சூஜின் மேடத்துக்குத் தெரியாமல் இருக்குமா, ஒரே கட்டடம்தானே, பெற்ற வயிறு மோப்பம் பிடித்துவிடும். ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை பெற்ற பச்சை உடம்பு, பிரஷரும் ஏறிக் கிடக்கிறது. ஆக, நாலு மணிக்குள் ஒரு கிண்ணம் சோறு. அவ்வளவுதான். உலகத்திலேயே சின்ன வேலை. அதற்கு வேண்டியதும் ஒரே ஒரு வினைச்சொல்.

பெயர்ச்சொல் சுலபம். கையை நீட்டினால் போதும். கரண்டியைக் காட்டினால் மேடம் ஒரு பேர் சொல்வார், நான் ஒரு பேர் சொல்வேன், வேலை முடிந்தது. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அப்படித்தான் ஆரம்பித்தோம், வெங்காயம், உப்பு, துடைப்பம், குழாய். வினைச்சொல்லில்தான் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம். போவதை எந்த விரலால் காட்டுவது? தூங்குவது எங்கே இருக்கிறது, அலமாரியிலா? செய்துதான் காட்ட வேண்டும். மேடம் நாலு மாச வயிற்றோடு சமையலறைத் தரையிலேயே ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "ஜாதா" என்றார். நான் பதறிப்போய், "ஐயோ எழுந்திருங்க மேடம், தரை சில்லுன்னு இருக்கு" என்றேன். உடனே எழுந்து நின்று, "எளுந்திருங்க்கா?" என்று கேட்டார். அதுதான் அவருடைய முதல் தமிழ் வினைச்சொல். நான் அழுது காட்டினேன், உல்தா. தண்ணீர் குடித்துக் காட்டினேன், மசிதா. ஓடிக் காட்டப் போய் பிரிட்ஜில் முட்டிக்கொண்டேன், அதற்கு அவர் ஒரு சொல் சொன்னார், உடனே வாயைப் பொத்திக்கொண்டார், அது பாடத்தில் சேராத சொல்லாக இருக்கும். பொருள்களெல்லாம் நம்மைச் சுற்றி அப்படியே கிடக்கின்றன, யாரும் இல்லாவிட்டாலும் கிடக்கும். வினை அப்படியில்லை. ஒருத்தி எழுந்து செய்தால்தான் உண்டு, செய்து முடித்ததும் அது காற்றில் போய்விடும், வாயில் ஒரு சத்தம்தான் மிஞ்சும். இத்தனை வருஷமாக வருகிறேன் போகிறேன் உட்காருகிறேன் எழுந்திருக்கிறேன், இது எனக்குத் தோன்றியதே இல்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே கழுவுகிறேன், கழுவுகிறேன் என்று அவர்கள் பாஷையில் சொல்லிப் பார்த்த அன்றைக்கு, என் கை என்ன செய்கிறது என்று நானே முதல் முறையாகப் பார்த்த மாதிரி இருந்தது. ராத்திரி வீட்டில் என் புருஷன் லோகு கேட்டான், "என்னடி, எல்லாச் சொல்லும் தா தான்னு முடியுது, உன்ன மாதிரியே எதையாவது கேட்டுக்கிட்டே இருக்குமோ அந்தப் பாஷ?" எல்லாம் தா-வில்தான் முடிகிறது, கதா, ஓதா, போதா, ஜூதா. "இங்கிலீஷுல பார்டர்ல பாஸான ஆளு, கொரியாவுக்குக் கெளம்பிட்டா" என்றான். "பார்டரோ கீர்டரோ, பாஸு பாஸுதான். நீ அதுவும் இல்ல" என்றேன். அத்தை அடுப்படியிலிருந்து சிரித்தது கேட்டது, தன் மகனை யாராவது மட்டம் தட்டினால் அவருக்கு ஒரு சந்தோஷம்.

சோறு ஆறுகிறது. இவர்கள் சோறு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும், நம் வீட்டில் இப்படி வடித்தால் குழைந்துவிட்டது என்று திட்டு விழும். பக்கத்தில் மேடத்துக்குக் கொடுத்துவிட வைத்த கடல்பாசி சூப், பெரிய கிண்ணம் நிறைய. பிள்ளை பெற்றவளுக்கு அந்த ஊரில் இதைத்தான் வாரக்கணக்கில் கொடுப்பார்களாம், நம் பூண்டுக் குழம்பு மாதிரி. இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கலாம். "மொகோ ப்வா, போமி. மொகோ ப்வா." இதை மேடம் எனக்குச் சொல்லிக்கொடுத்த நாளை மறக்க மாட்டேன். மொகோ என்றால் சாப்பிடு. ப்வா என்றால் பார். சாப்பிட்டுப் பார். ஐயோ, சாப்பிட்டுப் பார்! அதே! நாக்கில் போடுவதைக் கண்ணால் பார்ப்பது என்று நாம் மட்டும்தான் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் புல்லரித்துவிட்டது, கையைக் காட்டினேன், மேடம் ஏசியைக் குறைத்தார். கடலுக்கு அந்தப் பக்கம், இன்னும் எத்தனையோ கடலுக்கு அந்தப் பக்கம், ஒருத்தி தன் பிள்ளையிடம் சாப்பிட்டுப் பார் என்கிறாள், செய்து கொடு என்கிறாள், தூங்கிக்கொண்டு இருக்கிறாள் என்கிறாள், தூக்கம் ஒரு சொல், இருப்பது ஒரு சொல், இரண்டையும் நம்மைப் போலவே அடுத்தடுத்து உட்கார வைத்து. எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழய்யா எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று பலகையில் எழுதி, "பயனிலை கடைசியில வரும், அதுவரைக்கும் பொறுமையா இருக்கணும் கழுதைகளா" என்பார். இங்கிலீஷ்காரன் பொறுக்க மாட்டான். நான், சாப்பிடுகிறேன், சோறு. சோறு வருவதற்கு முன்னாலேயே சாப்பிட ஆரம்பித்துவிடுகிறான். கொரியாக்காரர்கள் நம்மைப் போல, நான், சோறு, அப்புறம்தான் சாப்பிடுவது. பொறுமையான ஜனங்கள். ஆனால் எதை எதையெல்லாம் தின்கிறார்கள் தெரியுமா, வயதைத் தின்பார்களாம். வருஷம் பிறந்ததும் ஒரு சூப் வைத்தார் மேடம், அதை ஒரு கிண்ணம் குடித்தால் ஒரு வயதைத் தின்றதாகக் கணக்காம். பயத்தைத் தின்பார்களாம். ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் மனசைத் தின்றேன் என்பார்களாம். போன மாசம் கத்திரி வெயிலில் மேடம் சோபாவில் சரிந்து, "தோவி மொகோஸ்ஸோ" என்றார், வெயிலைத் தின்றுவிட்டேன். நான் மோர் கலக்கிக்கொண்டு ஓடினேன். நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை, அடி தின்கிறோம், உதை தின்கிறோம், தூக்கத்தைத் தவிர எல்லாவற்றையும் தின்கிறோம். ஆனாலும் வயது! பல்லில் கடிபடுமா அது? என்னென்ன வயதைத் தின்றிருக்கிறேன் நான், ருசி பார்க்காமலே.

போமி, உன் வயிற்றில் என்ன இருக்கிறது இப்போது. பயமா. பயத்தைத் தின்றுவிட்டாயா, அதனால்தான் சோற்றுக்கு இடமில்லையா. இரி வா என்றால் வருகிறாள். அன்ஜா என்றால் உட்காருகிறாள். கையைக் கழுவு என்றால் கழுவி, துடைத்து, துண்டை மடித்தும் வைக்கிறாள். எல்லா வினையும் வேலை செய்கிறது, இந்த ஒன்று மட்டும் செய்யவில்லை. என் உச்சரிப்பில் கோளாறா என்றால், போன வாரம் இதே வாயால்தானே பிஸ்கட் மொகோ என்றேன், ஓடி வந்து வாங்கிக்கொண்டு போனாளே. கரண்டியை ஆகாய விமானமாக்கி, மேசையைச் சுற்றி ஓட்டி, வாய் வரைக்கும் கொண்டுபோய் இறக்கினேன். விமானத்தை ஆர்வமாகப் பார்த்தாள், உதடு திறக்கவில்லை. காக்காய் காட்டலாம் என்றால் பதினோராவது மாடிக்கு எந்தக் காக்காய் வரும். பால்கனியில் ஒரு புறா நின்றது, புறாவுக்கு ஒரு வாய், போமிக்கு ஒரு வாய் என்றேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது பறந்துவிட்டது. உருட்டிக் கையில் வைத்தேன். நன்றி என்பது மாதிரி தலையைக் குனிந்தாள், உருண்டையைத் திரும்பக் கிண்ணத்தில் வைத்துவிட்டாள், ஓரம் சிந்தாமல். பார்த்தி அண்ணன், இவர்கள் கார் ஓட்டுகிறவர், போன் பண்ணினார். "என்ன கொரியா டீச்சர், பாப்பா பாஸா பெயிலா?" "இன்னும் எழுதவே இல்லண்ணே." "நாலுக்கெல்லாம் மேல வந்துருவேன், துணிமணி எடுத்து வை. நீயும் அழுது வழிஞ்சுக்கிட்டு நிக்காத." "நான் எதுக்கு அழுவுறேன்?" என்றேன், நல்ல வேளை அவருக்கு என் மூஞ்சி தெரியாது. கண் பட்டிருக்குமோ? முந்தாநாள் லிஃப்ட்டில் ஒரு அம்மாள், பொம்மை மாதிரி இருக்கே, பொம்மை மாதிரி இருக்கே என்று கன்னத்தைக் கிள்ளினாளே. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டால் தீர்ந்தது. ஆனால் கூரையில் வெள்ளையாக ஒரு வட்டு இருக்கிறது, லேசாகப் புகைந்தாலே அலறும், கருவாடு வறுத்த அன்று கீழேயிருந்து இரண்டு செக்யூரிட்டி தீயணைப்பான் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். உப்பை மட்டும் சுற்றி, சிங்க்கில் கரைத்துவிட்டேன். நெருப்பில்லாத திருஷ்டி. எங்கே பலிக்கும்.

அம்மாவைத்தான் தேடுகிறாள், வேறென்ன. மேடம் கிளம்பியபோது நானும் வாசலில் நின்றேன். வலியில் முகம் வெளுத்துக் கிடந்தது, அப்படியும் செருப்புப் போடுகிற இடத்தில் நின்று திரும்பி, "தான்யோ ஓல்கே, போமி" என்றார். போய்விட்டு வருகிறேன். அதையும் அவர்கள் அப்படியேதான் சொல்கிறார்கள், போகிறேன் என்று சொல்வதில்லை, போய்ச் சுற்றி வருகிறேன், வருவதில்தான் முடிக்கிறார்கள். பயனிலை கடைசியில் வரும், பொறுமையாக இரு. போமி இரண்டு கையையும் தொப்புள்மேல் வைத்துக்கொண்டு, இடுப்பு வரை குனிந்து, போய்விட்டு வாங்க என்று அந்தப் பாஷையில் சொன்னாள். அழவில்லை. கதவு மூடி, பூட்டு கீச் கீச் என்று பாட்டுப் பாடி ஓயும்வரை குனிந்தேதான் இருந்தாள். என் கிருத்தி தினமும் காலையில் என் புடவையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிறாற்போல அழுவாள், அத்தை அவளைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கோழியைக் காட்டுகிற நேரத்தில் நான் பஸ்ஸுக்கு ஓடுவேன், ஒருநாளும் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னது கிடையாது. சொன்னால் விடமாட்டாளே. சொல்லாமல் வந்துவிடுவது. அவள் கோழியைப் பார்த்துத் திரும்புகிறபோது அம்மா இருக்கிற இடத்தில் அம்மா இருக்காது. அப்புறம் என்ன செய்வாள் என்று நான் நினைத்துப் பார்ப்பதில்லை, நினைத்தால் பஸ்ஸில் ஏற முடியாது. இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? தூங்கிக்கொண்டு இருப்பாள். தூங்கிக்கொண்டு, இருப்பாள். சாப்பிட்டிருப்பாள், அத்தை விடமாட்டார். என் பிள்ளைக்கு ஒருத்தி ஊட்டுகிறாள், நான் இன்னொருத்தி பிள்ளைக்கு ஊட்டுகிறேன், அவள் ஆஸ்பத்திரியில் புதுசாக ஒன்றுக்கு ஊட்டுகிறாள், நினைத்துப் பார்த்தால் ஒரு கரண்டிதான் இந்த உலகம் பூராவும் கை மாறிக்கொண்டிருக்கிறது போல. இந்த வீட்டில் மட்டும் வந்து நின்றுவிட்டது.

கண் இருட்டிக்கொண்டு வருகிறது. நேற்று மத்தியானம் சாப்பிட்டது. ராத்திரி தட்டில் போட்டு உட்கார்ந்தேன், இறங்கவில்லை. லோகு திட்டினான், "ஊரான் புள்ளைக்கு நீ ஏன்டி விரதம் இருக்கிற?" "விரதம்லாம் இல்ல, தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது." "சம்பளத்துல பட்டினிக்குத் தனியாப் போட்டுத் தருவாங்களா, கேட்டுச் சொல்லு." அத்தைதான் அவனை அடக்கினார். "சும்மா இர்றா. புள்ள வாய் காஞ்சு கெடக்கையில பொம்பளைக்கு எப்படிடா எறங்கும்?" அதுதான். யாரும் போட்ட சட்டமில்லை. கிருத்தி சாப்பிட்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் என் கை சோற்றுக்குப் போகும், அவளுக்கு மூன்று நாள் அம்மை வந்தபோது மூன்று நாளும் நான் கஞ்சித் தண்ணீரோடு இருந்தேன். பிள்ளை முதலில், தாய் கடைசியில். இன்று காலையில் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு பின்பக்கம் வாஷிங் மெஷின் வைத்திருக்கிற இடத்தில் அப்படியே இருக்கிறது. அங்கேதான் நான் சாப்பிடுவது, முக்காலியில் உட்கார்ந்து, துணி காய்கிற வாசனையோடு. இவர்கள் யாரும் சொல்லி அல்ல. வந்த நாளிலேயே மேடம் இந்த மேசையின் நாலாவது நாற்காலியைத் தட்டி, "அமுலு, அன்ஜா. மொகோ" என்றார். இருக்கட்டும் மேடம், அப்புறமா, என்று சிரித்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டேன். பிறகும் எத்தனையோ தடவை தட்டினார். வேலை செய்கிற வீட்டு மேசையில் உட்காரக்கூடாது என்று எனக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை, நடத்தாமலே படித்த பாடம். அவர்கள் சாப்பிடுகிறபோது நான் சிங்க்குக்கு முன்னால் நிற்பேன், முதுகுதான் மேசையைப் பார்த்திருக்கும். இந்த நாற்காலியைத் தினமும் துடைக்கிறேன், உட்கார்ந்ததில்லை. இப்போதும் நின்றுகொண்டுதான் ஊட்டிக்கொண்டிருக்கிறேன், காலையிலிருந்து. மணி எவ்வளவு என்று பார்க்க வேண்டாம். மேசை விளிம்பு கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருக்கிறது. மேசை நகராது. நான்தான். விழுந்து வைத்தால் இந்தப் பிள்ளை தனியாக என்ன செய்யும், அதற்கு எந்த வினைச்சொல்லும் நான் சொல்லிக்கொடுக்கவில்லையே, ஓடு, கூப்பிடு, கதவைத் திற. உட்கார் அமுலு. அன்ஜா. உட்கார்ந்துவிடு முதலில்.

உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி சில்லென்று இருக்கிறது. போமியின் முகம் இப்போது என் முகத்துக்கு நேராக இருக்கிறது, இத்தனை நேரம் அவள் கழுத்தை அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தலை கிறுகிறுப்புக்கு ஏதாவது உள்ளே போக வேண்டும், உப்பாக, சூடாக. ஆறவைக்க எடுத்து வைத்த சூப் பக்கத்தில் இருக்கிறது, அதில் நீளக் காம்புக் கரண்டி. ஒரு வாய். மன்னித்துக்கொள் தாயே, விழாமல் இருக்கத்தான். கடலை வாயில் வாங்கின மாதிரி இருந்தது, பாசி நாக்கில் வழுக்கிக்கொண்டு போனது, வெதுவெதுப்பு நெஞ்சு வழியாக இறங்குவதைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்தபோது போமியின் கைகள் மடியில் இல்லை. இரண்டையும் மேசை விளிம்பில் சேர்த்து வைத்துத் தலையைக் குனிந்தாள். நீளமாக ஒரு சொல் சொன்னாள், அவ்வளவு நீளமான சொல்லை அந்தச் சின்ன வாய் எப்படிச் சொன்னதோ, அதற்குள் எங்கேயோ சாப்பிடுகிற அந்த 'மொக்' கேட்டது, கடைசியில் தா வந்தது, மிச்சம் எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டுத் தன் குட்டிக் கரண்டியை எடுத்தாள். சோற்றில் குத்தினாள். வாயில் வைத்தாள். மென்றாள்.

நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சேர்த்து எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். கும்பிட்டு முடித்துப் பார்த்தால் அவளும் கரண்டியை வைத்துவிட்டாள், கை மடிக்குப் போய்விட்டது. என்னைப் பார்க்கிறாள். காலையிலிருந்து பார்த்த அதே பார்வை. நான் மெதுவாக, தூங்குகிற பிள்ளையின் தொட்டிலைத் தொடுவது மாதிரி, கரண்டியை எடுத்தேன். அவளும் எடுத்தாள். சூப்பைக் குடித்தேன், சோற்றை மென்றாள். அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் இத்தனை மாசமாகக் கேட்ட சத்தமெல்லாம் காதில் வந்து நின்றது. முதலில் ஒரு பெரிய கரண்டி கிண்ணத்தில் படும். அதன் பிறகுதான் குட்டிக் கரண்டி. எப்போதும் இரண்டாவதாகத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடித் தம்ளரைத் துடைத்துக்கொண்டே திரும்பினேன், போமி அவசரத்தில் கரண்டியைத் தூக்கிவிட்டாள், சோ சார் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், அவள் கரண்டியைத் திரும்ப வைத்துவிட்டு அவர் எடுக்கும்வரை காத்திருந்தாள். பெரியவர்கள் எடுத்தால்தான் சிறியவர்கள் எடுக்க வேண்டும். பெரியவள் ஒருத்தி மேசைக்கு வரவே இல்லை என்றால்? நின்றுகொண்டே சாப்பிடு, சாப்பிடுங்க, சாப்பிடுங்களேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால்? நின்றபடியே அப்பாவும் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டால்? இவள் பிடிவாதம் பிடிக்கவில்லை. பயத்தைத் தின்னவும் இல்லை. ஒன்றரை நாளாக மரியாதையாகக் காத்திருந்திருக்கிறாள். நான் வந்து உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுவதற்காக. நீ சாப்பிடாமல் நான் எப்படிச் சாப்பிடுவேன் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். நீங்க சாப்பிடாம நான் எப்படிச் சாப்பிடுவேன் என்று இவள் உட்கார்ந்திருந்தாள். இதைச் சொல்வதற்கு இரண்டு பேரிடமும் பாஷை இல்லை. அம்மாடி. இத்தனை சின்ன உடம்புக்குள் இத்தனை பெரிய வீடு எப்படி இருக்கிறது? என்னைப் போய், பின்பக்கத்தில் முக்காலி போட்டுச் சாப்பிடுகிறவளைப் போய், இந்த மேசைக்குப் பெரியவள் என்று யார் இவளுக்குச் சொன்னது?

சோறு பாதி கிண்ணம் இறங்கிவிட்டது. பக்கத்துத் தட்டிலிருந்து முட்டையை எடுத்து என் வாயில் போட்டுக்கொள்கிறேன், முட்டையை எடுக்கிறாள். காகிதம் மாதிரி காய்ந்த கடல்பாசித் தாளில் சோற்றைச் சுற்றிக்கொள்கிறேன், எனக்குச் சுற்ற வரவில்லை, பிய்ந்துவிட்டது, போமி பார்த்தாள், தன்னதை அழகாகச் சுற்றி என் தட்டில் வைத்தாள், வைத்துவிட்டு, "மொகோ ப்வா" என்றாள். சாப்பிட்டுப் பார்க்கிறேன் தாயே, சாப்பிட்டுப் பார்க்கிறேன். உப்பும் புளிப்பும் இல்லாத இந்தச் சாப்பாட்டை என்னால் நாலு வாய்க்குமேல் தள்ள முடியாது என்று நேற்றுவரை சொல்லியிருப்பேன். வயிறு நிறைந்து, நிறைந்ததற்கு மேலும் போய்க்கொண்டிருக்கிறது. நிறுத்த முடியாது. நான் வைத்தால் அவளும் வைத்துவிடுவாள். கண்ணிலிருந்து வழிவது சூப்பில் விழுகிறது, உப்பு சரியாகிவிட்டது. வாசலில் மணி அடிக்கிறது. மறுபடியும் அடிக்கிறது. "அமுலு! கதவத் தொற. மணி நாலாச்சு, கார் கீழ நிக்குது." பார்த்தி அண்ணன்தான். போமியின் கரண்டி பாதியில் நின்றது, கண் என் கையைப் பார்த்தது, என் கை எங்கே போகிறது என்று. நான் எழுந்திருக்கவில்லை. சூப்பில் கரண்டியை விட்டு நிறைய மொண்டேன். "ஏம்மா, உள்ள என்ன பண்ற? பாப்பா எங்க? தூக்கிட்டு வா, நேரமாவுது!" வாய் நிறையச் சோறு இருந்தது எனக்கு. விழுங்கிவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே, இந்த வீட்டில் இதுவரை பேசாத சத்தத்தில் சொன்னேன்.

"கொஞ்சம் நில்லுங்கண்ணே. நாங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்."